மேடையில் தூள், ஸ்பீக்கரில் கூழ்: ஊர்ப் பாண்டுகளுக்கு ஒரு கேள்வி பதில்

கோயில் திருவிழாக்களில் மைக் செட்காரருக்கு வயர் சுருட்டித் தொடங்கியவன் நான். இப்போது திருகோணமலையில், ஓர்ஸ்ஹில் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் ஊர்ப் பாண்டுகளின் பாட்டுகளைப் பதிந்து மிக்ஸ் செய்கிறேன், அதாவது தனித்தனியாகப் பதிந்தவற்றை அளவு பார்த்துச் சேர்க்கிறேன். சொந்தமாக அல்பம் போட நினைக்கும் பிள்ளைகளும் சில பெரியவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில். கேள்விகளைச் சுருக்கிவிட்டேன். பதில்களைச் சுருக்க மனம் வரவில்லை.

கீபோர்ட் வாசிக்கும் தம்பி, உப்புவெளி: அண்ணா, நாங்கள் ஐந்து பேர். மேடையில் தூள் கிளப்புவோம். பதிந்து கேட்டால் எல்லாம் சேர்ந்து கூழ் மாதிரி இருக்கிறது. மிக்ஸிங் பிழையா?

நீங்கள் அனுப்பிய பாட்டை மூன்று தரம் கேட்டேன் தம்பி. மிக்ஸிங்கிலும் குறை இருக்கிறது, ஆனால் கூழ் அங்கே காய்ச்சப்படவில்லை. முதல் சரணத்தில் பாடகர் வாயைத் திறக்கிற நேரம் நீங்கள் இரண்டு கையாலும் கோர்ட் பிடிக்கிறீர்கள். இரண்டு கிட்டாரும் அதே கோர்டைக் கழுத்தின் அதே கட்டிலேயே (ஃபிரெட்) அடிக்கின்றன. பேஸ்காரர் சும்மா நிற்கப் பயந்து ஓடிக்கொண்டே இருக்கிறார். ஒக்டபாட் (மின் தாளப் பலகை) தம்பி ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு உருட்டு உருட்டிவிட்டுத்தான் ஓய்கிறார்.

இது மேடைப் பழக்கம். திறந்த வீதியில் கடற்காற்று பாதிச் சத்தத்தை அள்ளிக்கொண்டு போகும். அங்கே எல்லோரும் எப்போதும் வாசித்தால்தான் நிறைவு. ஒரு நொடி ஓய்ந்தால் கரண்ட் போய்விட்டதென்று சனம் திரும்பிப் பார்க்கும். ஹெட்போனில் கேட்பவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆண் குரலின் உடம்பு, கிட்டாரின் கீழ்க் கம்பிகள், கீபோர்டின் இடக்கை எல்லாமே ஏறக்குறைய 150 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் ஒரே வாங்கில் நெருக்கியடித்துக் குந்தியிருக்கின்றன. இக்யூவில் (சுருதிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) நான் ஒன்றை அமுக்கினால் மற்றது தலை தூக்கும்.

அடுத்த ஒத்திகையில் இப்படிச் செய்து பாருங்கள். சரணத்தில் உங்கள் இடக்கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். கீழே பேஸ் கிட்டார் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். இரண்டாவது கிட்டார் பல்லவி திரும்பி வரும்வரை பேசாமல் இருக்கட்டும், வரும்போது மேல் கட்டுகளில் வரட்டும். ஒக்டபாட் உருட்டு ஒரு பாட்டுக்கு இரண்டே தரம். அதைப் போனில் பதிந்து பழையதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். மிக்ஸ் செய்யாமலே பல்லவி பெரிதாகக் கேட்கும், ஏனென்றால் அதற்கு முன்னால் இருந்தது சிறிதாகிவிட்டது. வெளியூர் அல்பங்களைக் கேட்டு “நல்ல புரொடக்‌ஷன்” என்று நீங்கள் வியப்பதில் பாதி இதுதான்.

அதே பாண்டின் கிட்டார்க்காரர்: கிட்டார் இரண்டு பக்கமும் அகலமாகக் கேட்கட்டும் என்று ஒரு ட்ராக்கை கொப்பி பண்ணி இடமும் வலமும் போட்டேன். அகலம் வரவில்லையே?

வராது. இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் காதுக்கு அது நடுவில் நிற்கும் ஒரே கிட்டார்தான், சத்தம் மட்டும் கூடும். இரண்டாம் தரம் உண்மையாகவே வாசித்துப் பதியுங்கள். உங்கள் கை செய்யும் சின்னச் சின்ன நேர வித்தியாசத்தில்தான் அகலம் பிறக்கிறது. வாசிக்க முன் புதுக் கம்பி போடுங்கள். எங்கள் உப்புக்காற்றில் கம்பி எவ்வளவு கெதியில் கறுக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: அறைச் சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடுமா நானா?

ஆகாது. எத்தனை பேர் இன்னமும் ஒட்டுகிறார்கள்! முட்டைத் தட்டு மெல்லிய காகிதக் கூழ். மேல் சுருதியில் கொஞ்சத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். அடிச் சத்தம் அதைக் கவனிப்பதே இல்லை. வெளியே போகிற ஓட்டோவின் இரைச்சலையும் அது தடுக்காது. மேல் பகுதி மட்டும் செத்து அடிப்பகுதி அப்படியே சுற்றுவதால் குரல் பானைக்குள் இருந்து வருவது போலாகும். நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

வீட்டில் தும்பு மெத்தை இருக்கிறதா? இரண்டை எடுத்துப் பாடுபவரின் முதுகுப் பக்கம் மூலையில் ‘ட’ மாதிரி நிறுத்துங்கள். மைக் பாடுபவரைப் பார்க்கிறது, எனவே அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து திரும்பி வரும் சத்தம்தான் அதற்குள் நேரே போகும். உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து வைப்பதும் நல்லது. அடிச் சத்தத்தைத் தடிப்பான பொருள்தான் உறிஞ்சும், மெல்லியது உறிஞ்சாது. அப்புறம், சின்னச் சதுர அறையைத் தவிருங்கள். 3 மீற்றர் நீள அறையில் 57 ஹெர்ட்ஸ் அளவில் சத்தம் முட்டி மோதி வீங்கும். அகலமும் அதே 3 மீற்றர் என்றால் அதே இடத்தில் இரட்டிப்பாக வீங்கும். பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் குமுறுவது பெரும்பாலும் அறையின் வேலைதான், வாசிப்பவரைத் திட்ட வேண்டாம்.

பக்திப் பாடல் அல்பம் செய்யும் ஐயா ஒருவர், தம்பலகாமம்: மிருதங்கம் பதிவில் ஏன் உயிரில்லாமல் இருக்கிறது?

ஐயா, எந்த மாதம் பதிந்தீர்கள்? எங்களுக்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்று மழை. தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்து சுருதி இறங்கும். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நவம்பரில் காலை ஒன்பது மணிக்கு முதல் சரணம் பதிந்தோம். வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப் பக்கம், கணீரென்று நின்றது. பதினொரு மணிக்கு மழை பிடித்தது, தகரக் கூரை சத்தத்தில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தோம். மழை விட்டபின் இரண்டாம் சரணம் பதிந்தோம். அன்று ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. மறுநாள் இரண்டையும் ஒட்டிக் கேட்டால், மிருதங்கம் படியில் ஒரு கால் இறங்கி நிற்கிறது! வித்துவானை மறுபடி கூப்பிட்டு முழுவதையும் வாசிக்க வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதுதான் கூட வலித்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதிப் பெட்டியைப் போட்டு வலந்தலையைச் சரி பார்க்கிறோம். இடப் பக்கமான தொப்பியில் பூசிய ரவை காய்ந்துவிட்டதா என்று வித்துவானே பார்ப்பார், அவரை அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். வாசிக்கும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வாத்தியம் அந்த அறைக்குள் வந்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் இரண்டு மைக் வைத்திருப்பீர்கள். இரண்டையும் சேர்க்கும்போது தொப்பியின் கும்கி (அந்தக் கனத்த அடி நாதம்) மெலிகிறதா? ஒரு மைக்கின் போலாரிட்டி பட்டனை, அதாவது அலையைத் தலைகீழாக்கும் பட்டனைத் தட்டுங்கள். ஒலி 34 சென்ரிமீற்றர் போக ஏறக்குறைய 1 மில்லிசெக்கன் எடுக்கிறது. ஒரே அடி இரண்டு மைக்கையும் வெவ்வேறு நேரத்தில் தொட்டால், அலை ஏறும் இடத்தில் மற்றது இறங்கி ஒன்றையொன்று தின்றுவிடும். எந்தப் பக்கம் பட்டன் இருக்கும்போது அடி கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. “உயிர் இல்லை” என்று என்னிடம் வந்த பதிவுகளில் சில இந்த ஒரு பட்டனில் எழும்பி உட்கார்ந்திருக்கின்றன.

பாடும் தங்கச்சி, நிலாவெளி: என் பாட்டில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் காதைக் குத்துகிறது. ‘ப’ வந்தால் குண்டு போடுகிற மாதிரி.

மைக்கை முத்தமிடாதீர்கள் தங்கச்சி. மேடையில் அது தேவை, பக்கத்தில் டிரம்ஸ் இடிக்கும். பதிவறையில் ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கு மட்டத்துக்கு உயர்த்தி, வாயைப் பார்த்துச் சரியுங்கள். ‘ப’வின் காற்று அதற்குக் கீழே போய்விடும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவில் வைத்தால் மீதியும் போகும். ‘ஸ’ குத்துவது பெரும்பாலும் 5 முதல் 8 ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதி. அந்தக் குத்தலை மட்டும் அமுக்கும் டீ-எஸ்ஸரை அளவாகப் போடச் சொல்லுங்கள், அளவு மீறினால் நாக்குத் தடித்தவர் பாடுவது போலிருக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எந்த மைக் வாங்க?

ஷூர் எஸ்எம்57 அல்லது எஸ்எம்58. 1960களில் வந்த மைக்குகள், இன்னமும் எல்லா ஊரிலும் உழைக்கின்றன. போலி நிறைய, தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒக்டபாட், டிரம்ஸ் இரண்டும் வாசிப்பவர், மூதூர்: கிளிக் (தாளம் காட்ட ஹெட்போனில் வரும் டிக் டிக்) போட்டால் என் கை மரத்துப்போகிறது. கிளிக் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் பல்லவி வரும்போதெல்லாம் நீங்கள் வேகம் ஏறுகிறீர்கள், மேடையில் அது உற்சாகம், பதிவில் அவசரம். ஒரு மாதம் ஒத்திகையிலேயே கிளிக்கோடு பழகுங்கள். முதன்முதலாகப் பதிவறையில் கேட்டால் யாருக்கும் கை மரக்கத்தான் செய்யும். வெறும் டிக் டிக் பிடிக்காவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு கஞ்சிரா லூப்பைப் போட்டு வாசியுங்கள்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஒருவர்: ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டுகளில் இவ்வளவு கருவி வசதி இல்லை. ஆனாலும் இன்றும் இனிமை. எப்படி மாஸ்டர்?

மாஸ்டர் என்று நான்தான் உங்களைச் சொல்ல வேண்டும் சேர். அன்று பின்னால் திருத்தலாம் என்ற வழி குறைவு. வயலின் சத்தம் கூடினால் வயலின்காரர் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பார், அதுதான் மிக்ஸிங். யார் எப்போது வாசிப்பது என்று முதலே முடிவாகியிருக்கும். வெளிநாட்டிலும் அப்படித்தான். பீட்டில்ஸ் பாண்ட் தங்கள் முதல் அல்பத்தின் 14 பாட்டுகளில் 10 பாட்டை 1963 பெப்ரவரி 11 அன்று லண்டனில் ஒரே நாளில், இரண்டு ட்ராக் நாடாவில் பதிந்தார்கள். மேடையில் அடித்து அடித்துக் கைவந்த பாட்டுகள். அவர்களின் பாடகர் ஜோன் லெனனுக்கு அன்று தடிமன், அதனால் தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். என்னிடம் வரும் பாண்டுகள் உச்சஸ்தாயிப் பாட்டைக் காலையிலேயே பாடிவிட்டு, மத்தியானம் மெலோடியை இருமிக்கொண்டு பாடுகிறார்கள்.

பாட்டு எழுதுபவர், நகரம்: நான் எழுதிய வரி ஒன்றும் விளங்கவில்லை. குரலைக் கூட்டினால் இசை சின்னதாகிறது என்கிறார்கள்.

உங்கள் கோபம் நியாயம். தமிழ்ப் பாட்டில் வரி விளங்காவிட்டால் மீதி எதற்கு? ஆனால் முழுக் குரலையும் கூட்டத் தேவையில்லை. எங்கள் சொற்கள் ல், ன், ம், ள் என்று முடியும் இடத்தில் பாடகர்கள் மூச்சை விட்டுவிடுவார்கள். ‘கடல்’ என்று எழுதியிருப்பீர்கள், ‘கட’ என்று கேட்கும். அந்த முடிவுகளை மட்டும் தேடித் தேடி ஒன்றிரண்டு டெசிபெல் உயர்த்தினால் வரி முழுவதும் தெளியும். ஒரு பாட்டுக்கு எனக்கு அரை நாள் போகும், ஆனாலும் செய்வேன். அடுத்து, மெய்யெழுத்துகளின் தெளிவு 2 முதல் 5 ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கிறது. டிஸ்டோர்ஷன் கிட்டாரும் சிம்பலும் குடியிருப்பதும் அங்கேதான். குரல் வரும்போது கிட்டாரில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள். பாடும் நாள் நீங்களும் போய் இருங்கள், ழகரத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

இன்னொரு தம்பி: யூடியூபில் மற்றவர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டு சத்தம் குறைவு. லிமிட்டரை (உச்சத்தை அமுக்கிச் சத்தம் கூட்டும் கருவி) இன்னும் இறுக்கட்டுமா?

இறுக்காதீர்கள். ஸ்பொட்டிஃபை சாதாரண அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. யூடியூபும் சத்தம் கூடியதைக் குறைத்துவிடும். நீங்கள் மைனஸ் 7 வரை நசுக்கி அனுப்பினால் அவர்கள் தாழ்த்திவிடுவார்கள், நசுங்கினது மட்டும் மிஞ்சும். உங்கள் பாட்டு சின்னதாகக் கேட்பதற்கு ஒரு காரணம் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வீணாகக் கிடக்கும் குமுறலாக இருக்கலாம். அது அளவியில் இடம் பிடிக்கும், காதுக்கு எட்டாது. அதை வெட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் விட்டால் போதும்.

ஒப்பிடும்போது இரண்டு பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடக் கூட அடிச் சுருதியும் மேல் சுருதியும் நிறைவாகக் கேட்பது காதின் இயல்பு, ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து வைத்துவிட்டார்கள்.

பேஸ் கிட்டார்க்காரர்: வீட்டு ஸ்பீக்கரில் என் பேஸ் நன்றாக இருக்கிறது. போனில் ஆளையே காணவில்லை. எங்கே கேட்டு முடிவு செய்வது?

போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, உங்கள் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். பேஸ் ட்ராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) போட்டால் மேல் சுரங்கள் முளைக்கும், காது மீதியை ஊகித்துக்கொள்ளும். நான் மூன்று இடத்தில் கேட்பேன். முதலில் போனில். அடுத்து, சமையலறையில் பாட்டை ஓடவிட்டு நான் பக்கத்து அறையில் இருந்து. அங்கே குரல் விளங்க வேண்டும். கடைசியாக, பின் சீட்டுக்குக் கீழே பெரிய பாஸ் பெட்டி வைத்திருக்கும் ஓட்டோக்கார நண்பரோடு உட்துறைமுக வீதியில் ஒரு சுற்று. அவருக்குப் பேஸ் போதாதென்றால் அது சரியான அளவு என்று வைத்துக்கொள்வேன். அவர் “சூப்பர்” என்று சொன்ன அன்று திரும்பி வந்து 2 டெசிபெல் குறைத்தேன்.