வாசகர் கேள்விகள்: எந்தத் தாய்க்கு நம் இரக்கம்?

கேள்வி: மூன்று குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மாசசூசெட்ஸ் பெண் லிண்ட்சே கிளான்சியைப் பற்றி அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. 'பாவம், பிரசவத்துக்குப் பிறகு மனநிலை சரியில்லாமல் போயிருக்கிறது' என்று எல்லோரும் உருகினார்கள். கூட இருந்த கறுப்பினத் தோழி, 'அவள் என் நிறத்தில் இருந்திருந்தால் இப்படி உருகுவீர்களா?' என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் வாயே திறக்கவில்லை. அவள் கேட்டது நியாயமா?
— ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: நியாயம்தான். சாப்பாட்டு மேஜையில் கேட்டது சங்கடமாக இருந்திருக்கலாம், ஆனால் வேறு எங்கே கேட்டிருந்தாலும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

கிளான்சி பிரசவப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ். 2023 ஜனவரி 24 அன்று டக்ஸ்பரியில் அந்தச் சம்பவம் நடந்தது, பிறகு அவரும் ஜன்னலிலிருந்து குதித்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். சில நாளிலேயே அவருடைய கணவர், நான் மன்னித்துவிட்டேன், நீங்களும் அவளை மன்னியுங்கள் என்று ஊருக்கே எழுதினார். அந்தக் குடும்பத்துக்காகத் திரட்டிய நிதி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. எத்தனையோ பெண்கள், அதுவரை வீட்டில்கூடச் சொல்லாத தங்கள் பிரசவ காலத்து இருட்டை வெளியே சொன்னார்கள். இதில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன், வழக்கின் சரி தப்புக்குள்ளும் போகவில்லை.

ஆனால் அதற்கு நாலு மாதம் முன்னால், 2022 செப்டம்பரில், நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் மூன்று குழந்தைகள் மூழ்கி இறந்தார்கள். கடைக்குட்டிக்கு மூன்று மாதம். கொலை வழக்கு அவர்களுடைய தாய் மேல்தான் பாய்ந்தது, அவர் கறுப்பினப் பெண். அவளுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்திருக்கலாம் என்று அவரைப் பெற்றவரே சொன்னார். எடிசனிலிருந்து கோனி ஐலண்ட் காரில் போய்விட்டு வந்துவிடுகிற தூரம், டக்ஸ்பரியோ பல மணி நேரப் பயணம். உருகிய உங்கள் சக ஊழியர்களில் எத்தனை பேருக்கு இந்த அம்மாவைப் பற்றித் தெரியும் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்களேன்.

இன்னொரு கறுப்பினத் தாய் மிரியம் கேரி. கனெக்டிகட்டில் பல் சுகாதார நிபுணராக இருந்தவர், வயது 34. 2013 அக்டோபர் 3 அன்று பின் சீட்டில் 13 மாதப் பெண் குழந்தையோடு வாஷிங்டன் வரை காரோட்டிப் போனவர், வெள்ளை மாளிகைச் சோதனைச் சாவடியில் நிற்காமல் திரும்பி ஓட்ட, துரத்திய போலீஸ் நாடாளுமன்றக் கட்டடம் அருகே சுட்டதில் ஐந்து குண்டுகள் பாய்ந்து இறந்தார். அவரிடம் துப்பாக்கி கிடையாது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்றைக்கே பிரதிநிதிகள் சபை எழுந்து நின்று போலீசுக்குக் கைதட்டியது. அவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வும், நிஜம் எது என்றே புரியாமல் போகிற மனப்பிறழ்வும் இருந்ததாக டாக்டர்கள் கண்டறிந்து சிகிச்சை கொடுத்ததைக் குடும்பத்தார் சொல்லித்தான் ஊர் தெரிந்துகொண்டது, அதுவும் கைதட்டல் ஓய்ந்த பிறகு. சுட்டவர்கள் மேல் வழக்கு கிடையாது என்று 2014-இல் அரசுத் தரப்பு முடிவு செய்தது.

உங்கள் தோழி கேட்டது இந்த இடத்தைத்தான். கோர்ட்டு கடைசியில் என்ன சொல்கிறது என்பது வேறு, அதற்கு வருஷக் கணக்காகும். முதல் நாள் செய்தியில் 'நோயாளி' என்று அறிமுகமாகிறாரா, 'ஆபத்தானவள்' என்று அறிமுகமாகிறாரா என்பதில்தான் வித்தியாசம் ஆரம்பிக்கிறது. நம் வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறாளே என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிட்டால் காரணம் தேடுவார், தோன்றாவிட்டால் தண்டனை தேடுவார்.

கேள்வி: இது நிறத்தால் வந்ததா, பணத்தால் வந்ததா? டெக்சாஸில் ஐந்து குழந்தைகளைக் கொன்ற ஆண்ட்ரியா யேட்ஸ் வெள்ளைக்காரப் பெண்தானே, அவருக்கு முதலில் ஆயுள் தண்டனைதானே கொடுத்தார்கள்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கொடுத்தார்கள். 2002-இல் அரசுத் தரப்பு மரண தண்டனையே கேட்டது. அப்புறம், அரசுத் தரப்பின் மனநல நிபுணர் சாட்சி சொல்லும்போது ஒளிபரப்பே ஆகாத ஒரு டி.வி. தொடர் எபிசோடை ஒளிபரப்பானதாகச் சொல்லியது தெரியவந்து, 2005-இல் தீர்ப்பு ரத்தாகி, 2006 மறுவிசாரணையில் மனநோய் காரணமாகக் குற்றவாளி இல்லை என்று முடிந்தது. ஆக, வெள்ளை நிறம் இருந்தால் கோர்ட்டு உடனே இரங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வீடு, வேலை, பக்கத்தில் நிற்கிற கணவர் எல்லாமே கணக்கில் சேரும்.

ஆனால் பணம் மட்டும் என்றால் ஒன்று இடிக்கிறது. நியூஜெர்சியில் 2004-க்கும் 2007-க்கும் நடுவே குழந்தை பெற்ற 29,601 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. எல்லோருமே மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் இருந்தவர்கள், அதாவது எல்லோருமே வருமானம் குறைந்தவர்கள். அவர்களில் பிரசவத்துக்குப் பின் மனநல சிகிச்சை தொடங்கியவர்கள் வெள்ளையரில் 9 சதவீதம், லத்தீன் இனத்தவரில் 5, கறுப்பினத்தவரில் 4. காப்பீடு ஒன்று, மாநிலம் ஒன்று, கறுப்பினத் தாய்க்குச் சிகிச்சை மட்டும் பாதிக்கும் குறைவு.

ஏன் என்று கேட்டால் ஒரு பழைய கதை இருக்கிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஓர் அரசு மருத்துவமனை, 1989 முதல் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, கொக்கெய்ன் தெரிந்தால் போலீசிடம் ஒப்படைத்தது. கைதான 30 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் கறுப்பினப் பெண்கள். 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் அப்படிச் சோதித்தது தப்பு என்றது. டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற பயம் சும்மா வந்ததில்லை.

அதே 2001-இல் ஜூன் 11 அன்று, சிகாகோவில் மெலனி பிளாக்கர் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினப் பெண், மருந்து நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர், குழந்தை பிறந்து நாலு மாதம்கூட ஆகாத நிலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பல முறை மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. ஒன்பதாம் நாள் யேட்ஸ் சம்பவம், பிறகு நாடே யேட்ஸைப் பற்றித்தான் பேசியது. மெலனியின் அம்மா கரோல் பிளாக்கர் விடாமல் போராட, பாபி ரஷ் என்ற எம்.பி. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பற்றி மசோதா கொண்டுவர, 2010-இல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டத்துக்குள் மெலனி பெயரிலேயே அது இடம்பெற்றது. அந்தச் சட்டம் எல்லா நிறத்துத் தாய்க்கும்தான். மெலனியின் பெயர் மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் அனுமானம்.

கேள்வி: என் தங்கைக்கு ஜெர்சி சிட்டியில் பிரசவமாகி ஆறு வாரம். கிளினிக்கில் கொடுத்த பத்துக் கேள்வித் தாளில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டு வந்தேன் என்கிறாள். 'உண்மையைப் போட்டால் பாப்பாவை எடுத்துக்கொள்வார்களாம்' என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம்

பதில்: அந்தத் தாள் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் எடின்பரோவில் உருவானது. பத்தாவது கேள்விதான் எல்லோரையும் தயங்க வைக்கும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். ஆம் என்று போட்ட மாத்திரத்தில் குழந்தையைப் பிடுங்குவதில்லை, உட்கார்ந்து மேற்கொண்டு பேசுவதுதான் முறை. பிரசவமான பெண்களிடம் இதைக் கேட்டாக வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டதே நியூஜெர்சிதான், 2006-இல். அன்றைக்குச் சற்று முன்புவரை கவர்னராக இருந்த ரிச்சர்ட் கோடியின் மனைவி மேரி ஜோ, தனக்கு வந்த மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவந்தவர். ஆனாலும் தங்கையைத் திட்டாதீர்கள், மேலே சொன்ன கதைகளைப் படித்தால் அந்தப் பயம் உங்களுக்கே புரியும்.

கிளினிக்கில் பேச முடியாவிட்டால் தாய்மார்களுக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 1-833-852-6262, 24 மணி நேரமும் இலவசம். தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பும் இல்லாமல் திரிவது, குரல் கேட்கிறது என்பது, குழந்தைக்கு யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று அடித்துச் சொல்வது, இதில் ஏதாவது தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற மனப்பிறழ்வாக இருக்கலாம், அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியது. அவளைத் தனியாகக் குழந்தையோடு விடாமல் கூட ஒருவர் இருங்கள். 911-ஐ அழைத்தால் எடுத்த எடுப்பிலேயே 'இது மருத்துவ அவசரம், பிரசவமாகி ஆறு வாரம், கையில் ஆயுதம் எதுவும் இல்லை' என்று சொல்லுங்கள்.