பந்தை விட்ட பிறகு என்ன கற்றார்?

கேள்வி: எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதிய பயிற்றுநர் ஒருவர் தேவை. மாவட்ட அணியில் பல ஆண்டுகள் முன்கள வீரராக ஆடிப் பெயர் பெற்றவரை நியமிக்க வேண்டும் என்கிறார்கள் பெரும்பாலானோர். பெரிதாக ஆடாவிட்டாலும் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் 'சி' தரப் பயிற்சிநெறியை முடித்திருக்கும் பாடசாலை ஆசிரியரைச் சிலர் சொல்கிறார்கள். "ஆடத் தெரியாதவனுக்குச் சொல்லித்தரத் தெரியுமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். சிறந்த வீரர்தானே சிறந்த பயிற்றுநராக முடியும்? – வாசகர், உப்புவெளி, திருகோணமலை.

பதில்: அந்தக் கைதட்டலில் என்னால் சேர முடியாது. தொழில்முறை வீரராக ஒரு நாளும் ஆடாமல், தந்தையின் சப்பாத்துத் தொழிற்சாலையில் விற்பனையாளராக இருந்த அரிகோ சாக்கி பயிற்றுவித்த இத்தாலியின் ஏசி மிலான் அணி, 1989இலும் 1990இலும் அடுத்தடுத்து, கழகங்களுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. வான் பாஸ்டன், ரூட் குலிட், பரேசி போன்றவர்கள் நிறைந்திருந்த அந்த அணியில் எவருக்கும் பந்தை உதைக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பந்து காலில் இல்லாதபோது எங்கே நிற்பது, பக்கத்தில் நிற்பவருக்கும் தனக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, ஒருவர் முன்னே நகர்ந்தால் மற்ற மூவரும் எந்தக் கணத்தில் நகர்வது என்பவற்றையே சாக்கி நாள்தோறும் சலிக்காமல் பழக்கினார்.

அந்த அணியின் நடுக்களத்தில் ஆடியவர் கார்லோ அன்சலோட்டி. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் தம் பெயரைக் காட்டிப் பெரிய கழகம் ஒன்றைக் கேட்டுப் போகவில்லை. இத்தாலியத் தேசிய அணியில் அதே சாக்கிக்கு உதவியாளராகச் சேர்ந்து, 1994 உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை அவர் பக்கத்திலேயே இருந்தார். பின்னர் பயிற்றுநராக, அதே ஐரோப்பியக் கிண்ணத்தின் இன்றைய பெயரான சம்பியன்ஸ் லீக்கை ஐந்து முறை வென்றார். 2013இல் அவர் ரியல் மட்ரிட்டுக்கு வந்தபோது அவருக்கு உதவியாளராக அமர்ந்தவர் யார் தெரியுமா? 1998 உலகக் கிண்ண இறுதியில் தலையால் இரண்டு கோல் போட்ட ஸினடின் ஸிடான். உலகமே அறிந்த அந்த மனிதர் ஒரு பருவகாலம் இன்னொருவரின் கீழ் வேலை பார்த்துவிட்டு, மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிய ரியல் மட்ரிட்டின் இரண்டாம் அணியை ஒன்றரை ஆண்டு பழக்கிய பிறகே 2016 ஜனவரியில் முதல் அணியைப் பொறுப்பேற்றார். 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் சம்பியன்ஸ் லீக் அவருடைய அணிக்கே கிடைத்தது. சப்பாத்து விற்றவரிடமிருந்து அன்சலோட்டிக்கும், அவரிடமிருந்து ஸிடானுக்கும் ஒரு தொழில் கைமாறி வந்திருக்கிறது. உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொல்லுங்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பந்தை மரடோனாவைப் போல் ஆண்டவர் எவருமில்லை என்றே நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் 2008இல் ஆர்ஜென்டீனா அவரைப் பயிற்றுநராக்கியபோது, 1990களில் இரண்டு கழகங்களோடு கழித்த சில மாதங்களைத் தவிர அவருக்கு அந்த வேலையில் பழக்கமே இல்லை. 2009இல் லா பாஸ் நகரில் பொலிவியாவிடம் 6–1 என்று தோற்றார்கள். 2010 உலகக் கிண்ணத்துக்கு, அந்த ஆண்டு இன்டர் மிலானோடு சம்பியன்ஸ் லீக்கை வென்றுவிட்டு வந்திருந்த ஸனெட்டியையும் கம்பியாஸோவையும் அவர் அழைத்துச் செல்லவில்லை. காலிறுதியில் நடுக்களத்தைக் காக்க மஸ்கெரானோ ஏறக்குறையத் தனியாளாக ஓடிக்கொண்டிருக்க, மெஸ்ஸி ஆடிய அணியை ஜேர்மனி 4–0 என்று வீழ்த்தியது. இங்கிலாந்தின் பெரும் வீரர் பொபி சார்ல்டனும் பிரஸ்டன் கழகத்தைப் பொறுப்பேற்ற முதற் பருவகாலத்திலேயே அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கக் கண்டார்.

இவர்களிடம் அக்கறை இல்லாமல் போகவில்லை. பிறவித் திறமையுள்ளவருக்கு மூளை கேள்வியைக் கேட்கும் முன்பே கால் விடையைச் சொல்லிவிடுகிறது. தாம் எப்படிச் செய்கிறோம் என்று அவர் நினைத்துப் பார்க்கத் தேவையே வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று இதை நான் கண்ணால் கண்டேன். பேர்போன பழைய வீரர் ஒருவர் இருபது மீற்றர் தூரத்தில் பந்தை வைத்துக் கோலின் மேல் மூலைக்குள் அடித்துவிட்டு, "இப்பிடித்தான் தம்பி, அடியும்" என்றார். பன்னிரண்டு வயதுப் பையன் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. "வடிவாப் பாரும்" என்று அவர் மறுபடியும் அழகாக அடித்தார். பையனின் பந்து மறுபடியும் பறந்தது. ஐந்தாம் தடவை பையனின் கண் கலங்கிவிட்டது. அப்போது, தாம் ஆடிய காலத்தில் பெரும்பாலும் வாங்கிலேயே இருந்த இன்னொருவர் வந்து குந்தி, பையனின் இடது கணுக்காலைப் பிடித்துப் பந்துக்கு நேர் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி ஊன்றவைத்தார். "நீர் பந்துக்குப் பின்னால ஊன்றுறீர், அதான் உடம்பு பின்னுக்குச் சாயுது, பந்து மேல போகுது" என்றார். மூன்றாவது அடி கம்பத்துக்குக் கீழே போனது. தமக்கு அது தானாக வராமல், ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததனால்தான் அவரால் அதைப் பிறருக்குச் சொல்ல முடிந்தது.

நம் ஊர்க் கழகங்களின் மேல் எனக்கு மிகுந்த மனக்குறை உண்டு. பயிற்றுநர் பதவியைப் பொன்னாடை போலப் பழைய நட்சத்திரத்தின் தோளில் போடுகிறோம். ஒரு பயிற்சிநெறிக்குக்கூட அவரை அனுப்புவதில்லை. மூன்று ஆட்டம் தோற்றதும் போட்டவர்களே அவரை ஏசுகிறார்கள். நாம் தலையில் தூக்கி வைத்த மனிதரை நாமே அவமானப்படுத்துகிறோம். இடையில் பிள்ளைகளின் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகிப் போகின்றன.

வீரராகவும் பயிற்றுநராகவும் உலகக் கிண்ணத்தை வென்றவர்கள் மூவர் இருக்கிறார்களே என்று உங்கள் கூட்டத்தில் கேட்பார்கள். பிரேசிலின் சகாலோ, ஜேர்மனியின் பெக்கன்பவர், பிரான்ஸின் டெஷாம்ப் ஆகியோர் அவர்கள். சகாலோ பின்னே இறங்கி வந்து நடுக்களத்துக்குத் தோள் கொடுத்த இடதுபுற வீரர். டெஷாம்பைச் சக வீரர் கன்ரோனா, பிறருக்காகப் பந்தைப் பறித்துக் கொடுப்பவர் மட்டுமே என்ற பொருளில், "தண்ணீர் சுமப்பவர்" என்று இளக்காரமாகச் சொன்னார்; மொனாக்கோ, யுவென்டஸ், மார்செய் என்று பல ஆண்டுகள் கழகங்களில் உழைத்த பிறகே 2012இல் அவர் தேசிய அணிக்கு வந்தார். பெக்கன்பவர் மட்டும் பயிற்றுநர் உரிமம் இல்லாமலே 1984இல் மேற்கு ஜேர்மனியைப் பொறுப்பேற்றார். ஆனால் முதலில் ஹோர்ஸ்ட் கொப்பல், பின்னர் ஹொல்கர் ஒஸீக் என்று தொழில் தெரிந்த பயிற்றுநர் ஒருவர் எப்போதும் அவர் பக்கத்தில் இருந்தார். 1990இல் கிண்ணம் வந்தது அந்த ஏற்பாட்டோடுதான்.

உங்கள் கழகத்துக்கு வருவோம். ஆசிரியரின் சான்றிதழை மட்டும் பார்த்து நான் அவருக்கு வாக்களிக்க மாட்டேன். 'சி' தரம் ஒரு தொடக்கம்தான். முன்கள வீரரிடம், பந்தை விட்ட பிறகு யாரிடம் என்ன கற்றீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். சொல்லும்படி ஒன்றும் இல்லையென்றால், ஆசிரியரைப் பயிற்றுநராக்கி, முன்கள வீரரைத் துணையாக இருக்கும்படி அழையுங்கள். கோலுக்கு முன்னால் எப்போது ஓடி வருவது என்று காட்ட அவரைவிட்டால் ஆளில்லை. இதைத் தமக்குக் குறைவு என்று அவர் நினைத்தால், ஸிடான் யாருக்கு உதவியாளராக இருந்தார் என்று சொல்லுங்கள். சம்மதித்தால், அடுத்த 'சி' தரப் பயிற்சிநெறிக்கு அவரைக் கழகத்தின் செலவிலேயே அனுப்பிவையுங்கள். மாரி மழைக்கு மைதானம் சேறாவதற்கு முன் இருவரையும் ஒரே வாங்கில் இருத்திவிடுங்கள்.