தாத்தா பெயரில் சிறுகோள்: பணம் கட்டிய சான்றிதழ் செல்லுமா?

தாத்தா பெயரை ஒரு சிறுகோளுக்கு (சூரியனைச் சுற்றும் சிறு பாறைக்கோள்) வைத்ததாகப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கினீர்கள்; தேடினால் அந்தப் பெயர் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை என்கிறீர்கள். அந்தச் சான்றிதழ் செல்லாது. சிறுகோள் பெயர்கள் விலைக்குக் கிடைப்பதில்லை. பெயரை ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழு மட்டுமே. நீங்கள் தேடியும் தாத்தா பெயர் பட்டியலில் வராததற்குக் காரணம், விற்றவர்கள் தங்கள் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டது என்பதாகத்தான் இருக்கும்.

சரி, ஒன்று பாருங்கள். சான்றிதழில் சிறுகோளின் வரிசை எண் இருக்கிறதா? இருந்தால் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வைத்திருக்கும் சிறுகோள் தரவுத்தளத்தில் அந்த எண்ணை மட்டும் போடுங்கள். உதாரணமாக, 1958 என்ற எண்ணைப் போட்டால் 'சந்திரா' வரும். இயற்பியலாளர் சந்திரசேகரைப் போற்றும் பெயர். உங்கள் எண்ணுக்கு வேறு பெயர் வந்தாலோ, பெயரே இல்லாவிட்டாலோ விஷயம் முடிந்தது.

ஆனால் யாராவது முறைப்படி முன்மொழிந்திருந்தால் கதை வேறு. சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைத்த பிறகுதான் பெயர். கண்டுபிடித்தவருக்கு முன்மொழிய 10 ஆண்டு முன்னுரிமை உண்டு. பெயர் 16 எழுத்துக்குள், ரோமன் எழுத்தில் இருக்கும். அதனால் எழுத்துக்கூட்டலை மாற்றியும் தேடுங்கள். தாத்தா அரசியலிலோ ராணுவத்திலோ பெயர் பெற்றவர் என்றால், மறைந்து 100 ஆண்டு ஆக வேண்டும்.