பயிற்சி ஆசிரியராகக் காலைக் கணித நேரத்தை நடத்தப் போகிறேன். புதிதாக என்ன செய்யலாம்?

இரண்டாம் வகுப்பு, 32 பிள்ளைகள். வருகை, தேதி, பள்ளி நடந்த நாள்களை எண்ணுவது, ஒரு மனக்கணக்கு என்று வகுப்பாசிரியர் தினமும் நடத்தும் 15 நிமிடத்தை அடுத்த வாரம் முதல் உங்களிடம் விடுகிறார். அதில் புதுமையாக என்ன செய்து காட்டலாம் என்பது உங்கள் கேள்வி. முதல் வாரம் புதிதாக எதுவுமே செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

அடுத்து என்ன வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பதால்தான் அவர்கள் கவனம் எண்ணின் மேல் நிற்கிறது. வரிசையை மாற்றினால் "டீச்சர், இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்பதிலேயே 5 நிமிடம் போய்விடும். ஆகவே பொறுப்பேற்பதற்கு முன் மூன்று நாள் பின்னால் உட்கார்ந்து, வகுப்பாசிரியர் சொல்லும் வாக்கியங்களை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அமைதிப்படுத்த என்ன சொல்கிறார், எங்கே நிற்கிறார், அந்த வாரத் தலைவர்களான இரண்டு பிள்ளைகளை எப்போது முன்னால் கூப்பிடுகிறார், தாமதமாக வரும் பிள்ளை எங்கே போய் உட்கார்கிறது என எல்லாம் வேண்டும். முதல் வாரம் அதே சொற்களை நீங்களும் சொல்லுங்கள். இது காப்பியடிப்பதாகாது. பிள்ளைகளுக்குப் பழகிய பாதையில் அவர்களோடு நடப்பது.

இனி நான் சொல்வதெல்லாம் முதல் வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டியவை. நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: வருகைக்கு 3 நிமிடம், நாள் எண்ணிக்கைக்கு 3, தேதிக்கு 1, மனக்கணக்குக்கு 7, அடுத்த பாடத்துக்கு மாற 1. தேதிக்கு இவ்வளவு குறைவா என்று சிலர் கோபப்படலாம். தேதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "நேற்று என்ன கிழமை, இன்று என்ன கிழமை, நாளை என்ன கிழமை" என்று 32 பேரும் ஒரே குரலில் தினமும் ஒப்பிப்பதில் கணக்கு மிகக் கொஞ்சம். அதைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் தேதி 3 கூடியிருக்கும், பள்ளி நடந்த நாள்களின் எண்ணிக்கையில் ஒன்றுதான் கூடும். ஏன் என்று கேட்டால் அங்கே உண்மையான பேச்சு நடக்கும். இரண்டு எண்களையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதுண்டு. தேதியை ஒரு நிறத்திலும் நாள் எண்ணிக்கையை வேறு நிறத்திலும் எழுதுங்கள்.

நாள் எண்ணிக்கையில்தான் சரக்கு இருக்கிறது. பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குச்சி. ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என மூன்று பைகள். 59-ஆம் நாள் 5 கட்டும் 9 தனிக் குச்சியும் இருக்கும். மறுநாள் தலைவர் பிள்ளை ஒரு குச்சியைப் போட்டதும், ஒன்றுகள் பையைக் காலி செய்து பத்தையும் வெளியே எடுத்து, சத்தமாக எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, பத்துகள் பைக்கு மாற்ற வேண்டும். அந்தப் பிஞ்சு விரலுக்கு இறுக்கமான ரப்பர் பேண்ட் வளையாது. பெரியதாக, தொளதொளவென்று ஒன்று கொடுங்கள். இரண்டு சுற்றுப் போதும். 40 விநாடி ஆகும், பின்வரிசை சலசலக்கும், உங்கள் கை துறுதுறுக்கும். வாங்கிக் கட்டிவிடாதீர்கள். பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறுவது அந்த 40 விநாடியில், அந்தக் கையில்தான் நடக்கிறது. முன்னதாகவே கட்டி வைத்த கட்டை மாட்டினால் பிள்ளை பார்ப்பது ஒரு பொருளை மட்டுமே.

பிறகு எண்ணை எழுதும்போது "6" என்று மட்டும் எழுதி நிறுத்தும் பிள்ளை உண்டு, பை காலியாக இருக்கிறதே என்று. "ஒன்றுகள் பையில் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். பூஜ்யத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 101-ஆம் நாள் "1001" என்று எழுதுவார்கள். நூற்று ஒன்று என்று காதில் விழுவதை 100, 1 என்று அப்படியே எழுதுகிறார்கள். பைகளின் நேர் கீழே மூன்று கட்டம் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று வைத்தால் சரியாகும்.

சேர்ந்து எண்ணும்போது எங்கே குரல் தேய்கிறது என்று கேளுங்கள். 29, 39, 49 தாண்டும் இடத்தில் தேயும். "இருபத்தொன்பது, இருபத்துப்பத்து" என்று வரும். 89-க்குப் பிறகு நம் மொழி இன்னும் கொஞ்சம் சிரமம் கொடுக்கிறது. ஒன்பதிலிருந்து தொண்ணூறு எப்படி வந்தது என்பது பிள்ளைக்குப் புரியாது, நூறு என்ற ஒலி வேறு அதற்குள் இருக்கிறது. 1-லிருந்து தொடங்காமல் 86-லிருந்து 94 வரை எண்ணச் சொல்லுங்கள். தெரிந்த எண்களைத் தினமும் பாடுவதில் பயனில்லை.

மனக்கணக்கை வருகையிலிருந்தே எடுங்கள். இன்று 3 பேர் வரவில்லை என்றால் 32 − 3. விடை கிடைத்தவர் கையைத் தூக்காமல், நெஞ்சருகில் கட்டைவிரலை மட்டும் காட்டட்டும். தூக்கிய கை ஒன்று தெரிந்தாலே யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை விட்டுவிடும். 20 விநாடியாவது பேசாமல் நில்லுங்கள். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை அளந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக 1 விநாடி அளவுதான். அதை 3 விநாடிக்கு நீட்டியதுமே பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் குறைந்தார்கள். மனக்கணக்குக்கு அதைவிட நிறைய வேண்டும்.

29, 30, 31 என்று மூன்று விடை வரும். மூன்றையும் முகம் மாறாமல் எழுதுங்கள். 30 சொன்ன பிள்ளை "32, 31, 30" என்று தொடங்கிய எண்ணையும் சேர்த்து எண்ணியிருக்கும். 31 சொன்ன பிள்ளை, 2-ல் 3 போகாது என்று 3-லிருந்து 2-ஐக் கழித்திருக்கும். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டால்தான் இது வெளியே வரும். 29-ஐ மட்டும் பாராட்டினால் மற்ற இரண்டும் உள்ளேயே கிடக்கும். பிள்ளை சொல்வதைப் பலகையில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை: 32 − 2 = 30 − 1 = 29 என்று ஒரே மூச்சில் எழுதிவிடாதீர்கள். 32 − 2 என்பது 29 ஆகாது. 32 − 2 = 30 ஒரு வரி, 30 − 1 = 29 அடுத்த வரி. சமக்குறிக்கு "விடை இதோ" என்று பிள்ளைகள் தவறாகப் பொருள் கொள்வது இப்படித்தான் வேர் விடுகிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. பயிற்சி மாணவர்களைப் பார்வையிட வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்க்கிறார்கள். எத்தனை சார்ட், எத்தனை கற்பித்தல் உபகரணம் என்று எண்ணி மதிப்பெண் போடுகிறார்கள். அதற்குப் பயந்து இரவு முழுக்க அட்டை வெட்டி ஒட்டிவிட்டு, காலையில் தூக்கக் கண்ணோடு பிள்ளைகள் முன் நிற்கிறார்கள் இந்த இளைஞர்கள். ஒரு பிள்ளை ஏன் 31 என்றது என்று காது கொடுத்துக் கேட்டதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. எல்லாப் பார்வையாளர்களும் அப்படி இல்லை, தெரியும். ஆனாலும் இது அநியாயம்.

இரண்டாம் வாரம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், அதுவும் மனக்கணக்கில் மட்டும், வகுப்பாசிரியரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டு. 15 நிமிடம் முடிந்தும் கணக்கு முடியவில்லையா? அவசரமாக விடையைச் சொல்லி மூடாதீர்கள். மூன்று விடைகளையும் பலகையின் ஓரத்தில் அழிக்காமல் விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள், நாளைக் காலை அங்கிருந்து தொடங்கலாம்.