நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகாமல் இருக்க கோல்சிசின் உதவுமா?

அப்பாவுக்கு நுரையீரலில் ஆபரேஷன், அழற்சியைக் குறைக்கும் கோல்சிசினை முன்கூட்டியே கொடுத்தால் துடிப்புக் கோளாறு வராது என்று படித்தேன், டாக்டரிடம் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவர் வேண்டாம் என்றால், அதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

நெஞ்சு அறுவை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தத் துடிப்புக் கோளாறு பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வரும். வலி குறைந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று மானிட்டரில் துடிப்பு 140-ஐத் தொடும், அலைகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. சிலர் நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், சிலருக்கு எதுவுமே தெரியாது.

அறுத்த இடத்தைச் சுற்றி எழும் அழற்சி இதயத்தின் மேலறைகளைச் சீண்டுகிறது என்பதால்தான் கோல்சிசின் யோசனையே வந்தது. கௌட் என்ற மூட்டுவலிக்கும், இதய உறை அழற்சிக்கும் காலங்காலமாகக் கொடுக்கும் மருந்து அது. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோதித்துப் பார்த்தபோதுதான் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

2023-இல் லான்செட் இதழில் வந்த காப்-ஏஎஃப் ஆய்வு உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வைத்தே செய்தது. 11 நாடுகளில், இதயம் தவிர்த்த பெரிய நெஞ்சு ஆபரேஷன் செய்துகொண்ட, 55 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 3,200 பேர். பாதிப் பேருக்கு 0.5 மில்லிகிராம் கோல்சிசின் தினம் இருவேளை, 10 நாட்களுக்கு; மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. கவலைப்படும் அளவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்கள் கோல்சிசின் பக்கம் 6.4 சதவீதம், மறுபக்கம் 7.5. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். வயிற்றுப்போக்கோ 2.4-இலிருந்து 8.3 சதவீதமாகக் கூடியது. ஆபரேஷன் முடிந்து சரியாகச் சாப்பிட முடியாமல் கிடப்பவருக்கு வயிற்றுப்போக்கு சாதாரண விஷயமில்லை. நீரும் பொட்டாசியமும் இறங்கும், பொட்டாசியம் இறங்கினால் துடிப்பே கெடும்.

இதய ஆபரேஷனில் கொஞ்சம் நம்பிக்கை தரும் முடிவுகள் முன்பு வந்தன. ஆனால் 2014-இல் வெளியான காப்ஸ்-2 ஆய்விலும் துடிப்புக் கோளாறு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. அழற்சியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஸ்டீராய்டை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை.

இன்னொன்று: அழற்சிக்கான மருந்துதானே என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை வேறு வகை. இதய பைபாஸ் முடிந்த கையோடு அவற்றைத் தரக்கூடாது என்றே எச்சரிக்கை உண்டு. கோல்சிசினும் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின், வெராபமில் மாதிரி மருந்து எடுப்பவர்களுக்கும் அது உடம்பில் தேங்கிவிடும். செங்காந்தள் கிழங்கின் நஞ்சும் இதே கோல்சிசின்தான்.

சரி, என்னதான் கேட்பது? அப்பா ஏற்கெனவே மெட்டோப்ரோலால் மாதிரி, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று அன்று காலை அந்த மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடும். ஒரு மிடறு தண்ணீரோடு அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முன்பு எப்போதாவது துடிப்பு இப்படி ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்படியே வந்தாலும் மருந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவோம், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களுக்குள் சரியாகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா, எத்தனை நாளைக்கு என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், வாய் கோணினால், கை கால் மரத்தால், காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.