பட்டறைக் கேள்விகள்: குளிர்கிடங்குக்கு எந்த பிளேட்?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். மீன் ஏற்றுமதி செய்பவர் ஒருவர், மைனஸ் 20 டிகிரி அறைக்குள் வைக்க ரேக் கேட்கிறார். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட் கூடாது, ‘சி’ கிரேடுதான் வேண்டுமாம். விலை கூடுதல், கிடைக்கவும் தாமதம். குளிரில் இரும்பு இன்னும் பலமாகும் என்றுதானே ஐ.டி.ஐ.யில் சொன்னார்கள்?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: சொன்னது சரிதான் சார், வம்பே அதில்தான் இருக்கிறது. குளிரக் குளிர எம்.எஸ். வளைய மறுக்கும், இழுத்துப் பார்த்தால் பலம் கூடியிருக்கும். ஆனால் அதைப் பிளக்கத் தேவையான விசை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் வளைவதைவிடப் பிளப்பது சுலபமாகிவிடும். அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவினால்தான் உலோகம் வளையும். எம்.எஸ்.ஸில் அந்த நழுவலுக்குச் சூட்டின் தயவு வேண்டும்.

நான் டெஸ்டிங் லேபில் காலம் தள்ளியவன். ஊசல் சுத்தியலால் ஒரே அடியில் உடைத்து, உடைய எவ்வளவு ஆற்றல் பிடிக்கிறது என்று ஜூலில் அளப்பதுதான் சார்பி சோதனை. அதற்கு 10 மி.மீ. சதுரத்தில், 55 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு. நடுவே 2 மி.மீ. ஆழத்தில் ‘வி’ வெட்டு. ஸ்பிரிட்டில் உலர்பனி போட்டு அதில் குளிர வைப்போம். வெளியே எடுத்த 5 விநாடிக்குள் சுத்தியல் விழுந்தாக வேண்டும்; சென்னை வெயிலில் துண்டு சூடேற எவ்வளவு நேரம் ஆகும்! நல்ல பிளேட் என்றால் ஓரம் பிதுங்கி, முறிந்த இடம் மங்கலாக, நார் நாராக இருக்கும். சில துண்டு முழுசாக முறியவே முறியாது. மோசமானது ‘டக்’கென்று இரண்டாகும், முறிந்த முகம் கற்கண்டு மாதிரி மினுங்கும்.

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில், ஷெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டிப்போட்டிருந்தபடியே நடுவில் முறிந்தது. அலையும் இல்லை, புயலும் இல்லை, குளிர் இருந்தது. அந்தப் போர்க்காலத்து லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களிலும் இதே மாதிரி விரிசல்கள். எல்லாரும் வெல்டரைத் திட்டினார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் ஆராய்ந்து, குளிரில் நொறுங்குகிற இரும்புதான் முக்கியக் குற்றவாளி என்று காட்டினார். வெல்டிங் செய்த வேலை வேறு: ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டோடு நின்றுபோகும், பற்றவைத்த உடம்பில் நிற்காமல் ஓடும்.

பிளேட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2062இல் ‘ஏ’ தரத்துக்கு இந்தச் சோதனையே கிடையாது. ‘பி0’ என்றால் 0 டிகிரியில் சோதித்தது, ‘சி’ என்றால் மைனஸ் 20இல். ஈ250 என்ற ரகப் பிளேட்டுக்கு அந்தச் சோதனையில் 27 ஜூல் வர வேண்டும். கடைக்காரர் வாயால் ‘சி’ என்று சொன்னால் போதாது, மில் சர்ட்டிபிகேட்டில் வெப்பநிலையும் ஜூலும் இருக்கிறதா பாருங்கள். ரேக்கில் சும்மா நிற்கிற பாரத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஃபோர்க்லிஃப்ட் வந்து ரேக்கின் காலில் இடிக்குமே, அதுதான் பயம்.

பிளேட்டுக்குச் செலவு செய்துவிட்டு வெல்டிங் ராடில் கோட்டை விடாதீர்கள். 6013 என்ற எண் ராடுக்குக் குளிர்ச் சோதனை நிபந்தனை கிடையாது. 7018 வாங்கி, ஓவனில் காயவைத்து அடியுங்கள். அது மைனஸ் 29 வரை 27 ஜூல் தர வேண்டிய ராடு. கட்டிங்கில் கூர்மையான உள்மூலை விடாமல் வளைவாக எடுங்கள். ராடைத் தட்டிப் பற்றவைத்த தழும்பு இருந்தால் கிரைண்டரால் தேய்த்துவிடுங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்தால் எவர்சில்வர் டம்ளரும் உடையுமா?
— மயிலாப்பூர் வாசகி

பதில்: உடையாதம்மா. நிக்கல் சேர்ந்த எவர்சில்வரின் அணு அடுக்கு வேறு மாதிரி, குளிரிலும் நழுவும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனையே அதில் ஊற்றி வைக்கிறார்கள். அலுமினியமும் அப்படித்தான்; மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர் தூக்கி வரும் நைட்ரஜன் கேன் பெரும்பாலும் அலுமினியம்தான்.