டிவி கேள்வி – பதில்: கொடைக்கானலைப் பார்த்து நிற்கும் ஆண்டெனா

கேள்வி: காங்கயம் பக்கம் எங்களுக்குத் தோட்டத்து வீடு. மாமனார் காலத்து அலுமினியக் கம்பி ஆண்டெனா இன்னும் தெற்கே கொடைக்கானலைப் பார்த்தபடியே கூரைமேல் நிற்கிறது. அத்தைக்கு டிடி தமிழ் பார்க்க ஆசை. கேபிள் இங்கே வராது. இதையே திருப்பி வைத்தால் படம் வருமா? ஆன்லைனில் விற்கிற தட்டை டிஜிட்டல் ஆண்டெனா வாங்கலாமா? சுற்றிலும் தென்னைங்க.

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மணி. ஆண்டெனாவில் குறை ஏதும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அது பிடிக்க அலை வேண்டுமே! தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் நிலையங்களை 2022 மார்ச்சுக்குள் பெரும்பாலும் மூடிவிட்டது. நம் பக்கம் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பும் இல்லை என்பதால், அந்தத் தட்டை ஆண்டெனாவுக்குக் கொடுக்கிற காசு வீண்.

தூர்தர்ஷனே செயற்கைக்கோள் வழியாகத் தருகிற டிடி ஃப்ரீ டிஷ் வையுங்கள். டிஷ், பெட்டி, ஒயர் வாங்குவதோடு சரி, மாதக் கட்டணம் கிடையாது. பெட்டி எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்புகிற புதிய முறை) எடுக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் எல்லாச் சானலும் வராது. ஆண்டெனாவின் பட்டை ஒயரும் இதற்கு ஆகாது, ஆர்ஜி-6 ஒயர்தான் வேண்டும்.

ஃப்ரீ டிஷ் சானல்கள் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கிறது. உங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் சுமார் 124 டிகிரி, அதாவது தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்கே. தகரக் கூரை, இரும்புக் கம்பம் பக்கத்தில் நின்று போனில் திசை பார்க்காதீர்கள், தப்பாகக் காட்டும். உயரம் சுமார் 67 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேல். அதனால் தென்னைக்குப் பயப்பட வேண்டாம். டிஷ் தரையிலேயே இருந்தாலும், 50 அடி மரத்திலிருந்து 21 அடி தள்ளினால் மரத்தின் உச்சி மறைக்காது. மட்டை விரிவதற்கும் சேர்த்து 40 அடி விடுங்கள். டிஷ்ஷின் முகம் அவ்வளவு மேலே பார்ப்பதுபோலத் தெரியாது. அந்த டிஷ்ஷின் அமைப்பே அப்படி, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

டிவியில் சிக்னல் குவாலிட்டி பட்டையை வைத்துக்கொண்டு டிஷ்ஷை இம்மி இம்மியாக நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் சில நொடி பொறுங்கள், பெட்டி மெதுவாகத்தான் காட்டும். குவாலிட்டி வந்ததும் எல்என்பி-யையும் (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி முனையில் நின்று சிக்னலை வாங்குகிற கருவி) லேசாகத் திருகிப் பாருங்கள், இன்னும் ஏறும்.

அப்புறம், இதை அழுத்தியே சொல்கிறேன்: டிஷ்ஷைக் கல் வைத்து நிறுத்தாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றிரண்டு டிகிரி விலகினாலே படம் போய்விடும். சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடியுங்கள். பழைய ஆண்டெனாக் கம்பத்தின் அடி துருப்பிடித்திருந்தால் காற்றுக்கு முன்பே இறக்கிவிடுங்கள், கீழே குழந்தைகள் விளையாடுகிற இடம்.

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறோம். மழை வந்தால் ஃப்ரீ டிஷ் படம் நின்றுவிடுகிறது. டிஷ் கெட்டுவிட்டதா?

பதில்: கனமழையில் நின்று, மழை விட்டதும் தானே வந்தால் எதையும் தொட வேண்டாம். செயற்கைக்கோளிலிருந்து வருகிற அலையை மழைத்துளி உறிஞ்சிவிடும். தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் விலகியிருக்கிறது, அல்லது எல்என்பி முனை கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.